250 பட்டப்பெயர் வெச்ச ராஜா... வருஷம் சொன்னது சீனா!

காஞ்சிபுரம் போனா பட்டுச்சேலை எடுத்துட்டு அப்படியே பஸ் ஏறிடுறீங்களா? அடுத்த தடவை கைலாசநாதர் கோயிலுக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. மதிலை ஒட்டி வரிசையா குட்டிக் குட்டிச் சந்நிதிகள் இருக்கும். அதுல வெட்டியிருக்கிறது ஒரே ஆளோட பட்டப்பெயர்கள். ரணஜயன், ஆகமப்பிரியன், அத்யந்தகாமன், சங்கரபக்தன்னு சுமார் 250! இன்ஸ்டா பயோ தாங்காது.

அவர்தான் ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன். அப்பா பரமேஸ்வரவர்மன் சாளுக்கியர்களோடு மல்லுக்கட்டினவர். மகன் காலம் பெரும்பாலும் அமைதி. அதனால கோயில் கட்டினார். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் அவர் கட்டினதுதான். மனைவி ரங்கபதாகையும் கைலாசநாதர் கோயிலில் ஒரு சந்நிதி எழுப்பினாங்க.

ஆனா, இத்தனை பெயர் பொறிச்சவர் பக்கத்துல வருஷம் போடலை. பல்லவர்கள் ராஜா பட்டத்துக்கு வந்த நாளிலிருந்துதான் ஆண்டை எண்ணுவாங்க. அடுத்தவர் வந்தா மறுபடி ஒண்ணு!

சீனாவில் பேரரசர் வருஷங்களுக்கே பெயர் வைப்பார். தாங் பேரரசர் சுவான்சோங் 713-ல் ஆரம்பிச்சு வெச்ச பெயர், கையுவான். அதோட எட்டாம் ஆண்டில் காஞ்சியிலிருந்து தூதர்கள் வந்ததை சீனர்கள் குறிச்சு வெச்சிருக்காங்க. அரேபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைகளையும் வீரர்களையும் அனுப்பத் தயார், அந்தப் படைக்கு ஒரு பெயர் வேணும்னு ராஜசிம்மன் கேட்டார். பெயர் ஆசை அடங்கவே இல்லை போல! நற்பண்பைப் போற்றும் படைனு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பெயர் கிடைச்சது.

கையுவான் எட்டுன்னா நம்ம கணக்கில் 720. அவர் வாழ்க்கையில் நாம உறுதியா பிடிச்சுக்கிற வருஷம் அதுதான். அதுக்கப்புறம் இன்னும் சுமார் எட்டு வருஷம் ஆண்டார்.