மென்குரலால் உலகை ஈர்த்த ஜிம் ரீவ்ஸ்

உரத்துப் பாடினால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும் என்று பாடகர்கள் எண்ணியிருந்த காலம். அப்போது குரலைத் தாழ்த்திப் பாடி, கடல் கடந்த நாடுகளையும் கேட்க வைத்தார் ஒருவர். அவர்தாம் அமெரிக்காவின் ஜிம் ரீவ்ஸ்.

டெக்ஸாஸ் மாகாணத்தில் காலவே என்ற சிற்றூரில் 1923-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி பிறந்தார். ஒரு வயது நிரம்புமுன் தந்தை காலமானார். தாய் வயலில் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ஜிம்முக்குப் பாட்டைவிடப் பேஸ்பால் ஆட்டத்தில்தான் பெரிய கனவு. பந்து வீசுவதில் கெட்டிக்காரர். 1944-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவின் துணை அணியில் இடமும் கிடைத்தது. ஆனால் காலில் நரம்பு பாதிக்கப்பட்டதால் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது.

பிழைப்புக்கு வானொலி அறிவிப்பாளர் ஆனார். கூடவே பாடவும் செய்தார். 1953-ல் 'மெக்ஸிகன் ஜோ' என்ற இசைத்தட்டு, 'கன்ட்ரி' எனப்படும் நாட்டுப்புறப் பாடல்களில் முதலிடம் பெற்றது. அது துள்ளல் பாட்டு. குரலும் உச்சத்தில் ஒலித்தது.

புதிய வழி

புகழ் வந்த பாணியை யாராவது விடுவார்களா? ஜிம் துணிந்து விட்டார். 1957-ல் 'ஃபோர் வால்ஸ்' பாடலை மைக்கின் அருகில் நின்று, காதோடு பேசுவது போலப் பாடினார். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ். கிராமத்துப் பாட்டு நகரத்து வீடுகளிலும் நுழைந்தது.

'ஹீ வில் ஹாவ் டு கோ' என்ற பாடல் 1960-ல் கன்ட்ரி வரிசையில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. நகர மக்கள் விரும்பும் 'பாப்' வரிசையில் இரண்டாம் இடம் பிடித்தது. தென்னாப்பிரிக்காவில் அவர் ஆப்ரிக்கான்ஸ் மொழியிலும் பாடினார். இந்தியாவிலும் இலங்கையிலும் ரசிகர்கள் சேர்ந்தனர்.

புயலில் முடிவு

1964-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி. தம் சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார் ஜிம். உடன் வந்தவர் பியானோ கலைஞர் டீன் மேனுவல். நாஷ்வில் நகருக்கு அருகே இடி மழையில் சிக்கி விமானம் விழுந்தது. இரண்டு நாள் தேடலுக்குப் பின்னரே உடல்கள் கிடைத்தன. அப்போது ஜிம்முக்கு வயது 40.

அவர் பதிவு செய்து வைத்திருந்த பாடல்களை மனைவி மேரி ஒவ்வொன்றாக வெளியிடச் செய்தார். 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' 1966-ல் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம் வகித்தது. அவர் உயிரோடிருந்தபோது அந்நாட்டில் எட்டாத இடம் அது.

மனிதர் மறைந்தார். மென்குரல் மறையவில்லை.