சங்கீதமா, தமிழா?

குழந்தைகளே, படிக்கும்போது டிவி பார்க்கக் கூடாது, செல்போனை நோண்டக் கூடாது என்று உங்கள் வீட்டில் தினமும் சொல்வார்கள். பல வருடங்கள் வகுப்பறையில் நின்ற நானும் இதே பாட்டைத்தான் பாடிக் கொண்டிருந்தேன். கெட்ட விஷயத்தை விடச் சொல்வது சுலபம். ஆனால், கவனத்தைக் கலைப்பது ஒரு நல்ல விஷயமாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது? தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையருக்கு மாணவப் பருவத்தில் அப்படி ஒரு சோதனை வந்தது.

அவர் 1855ம் ஆண்டு பிப்ரவரி 19ந் தேதி பிறந்தார். சொந்த ஊர், பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரம். பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்டது சாமிநாதன் என்று. கூப்பிட்ட பெயரே பின்னால் நிலைத்து விட்டது.

தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். கனம் கிருஷ்ணையர் என்ற பெரிய இசை மேதையிடம் பாடம் கேட்டவர். ஊர் ஊராகப் போய் ராமாயணத்தைப் பாட்டும் கதையுமாகச் சொல்வார். அதில் வரும் வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது. பல நாட்கள் கஷ்ட ஜீவனம்தான். மகனும் பெரிய பாடகனாக வேண்டும் என்பது அவர் ஆசை. சாமிநாதனுக்கும் நல்ல குரல், நல்ல ஞானம்.

ஆனால், அரியலூரில் இருந்தபோது சடகோபையங்கார் என்ற ஆசிரியரிடம் தமிழ் படிக்க ஆரம்பித்தான் சிறுவன். அவ்வளவுதான், மனம் முழுக்கத் தமிழ் வந்து உட்கார்ந்து கொண்டது. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிடைக்கும், தமிழ் சோறு போடுமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பையன் கேட்கவில்லை. குன்னம், கார்குடி, செங்கணம் என்று எந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரோ, அங்கே குடும்பமே குடி போயிற்று. மகனின் படிப்புக்காக அந்தத் தந்தை அலைந்த அலைச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழும்.

கடைசியில், 1871ம் ஆண்டு மாயூரம் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது மயிலாடுதுறை என்கிறோமே, அதே ஊர்தான். அங்கே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்தார். அந்தக் காலத்தில் தமிழில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். சாமிநாதன் மாணவனாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16.

அதே மாயூரத்தில் இன்னொரு மேதையும் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்! தந்தைக்குப் பழக்கமானவர். இப்படி ஒரு வாய்ப்பை விடலாமா என்று, மகனை அவரிடமும் கொண்டு போய் விட்டார் தந்தை. ஒரு பக்கம் தமிழ்ப் பாடம், ஒரு பக்கம் சங்கீதப் பாடம். இரண்டுமே தித்திப்பு.

கொஞ்ச நாளில் இந்த விஷயம் பிள்ளையின் காதுக்குப் போயிற்று. அவர் அதட்டவில்லை, அது அவர் சுபாவமே இல்லை. ஆனால், சங்கீதத்தில் மனம் ஊறிப் போனால் இலக்கண, இலக்கியங்களில் ஆழ்ந்து புத்தி செல்லாது என்று தன் எண்ணத்தைச் சொன்னார்.

சாமிநாதன் என்ன செய்தார் தெரியுமா? அன்றோடு சங்கீதப் பாடத்தை நிறுத்தி விட்டார். தந்தையின் ஆசை, பாரதியார் போன்ற குரு, தன் சொந்தக் குரல், எல்லாவற்றையும் ஓரமாக வைத்து விட்டார். பிள்ளை கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாமே என்று எனக்குக்கூடத் தோன்றும். ஆனால், மாணவருக்குத் தான் எதைத் தேடி இவ்வளவு ஊர் சுற்றி வந்தோம் என்பது மறக்கவில்லை.

அந்தத் தேடல் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு வேடிக்கையான சம்பவம் உண்டு. சேர்ந்த புதிதில், மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளைதான் அவருக்குப் பாடம் சொன்னார். மகாவித்துவானிடமே நேராகப் பாடம் கேட்க வேண்டும் என்று சாமிநாதன் தவியாய்த் தவித்தார். எப்படிக் கேட்பது? கூச்சம்!

பிள்ளைக்குத் தன் தோட்டத்து மரம், செடி என்றால் உயிர். காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். புதிதாக ஒரு தளிர் விட்டிருந்தால் குழந்தை மாதிரி மகிழ்ந்து போவார். இதைக் கவனித்த சாமிநாதன், விடியுமுன்பே எழுந்து தோட்டத்துக்குப் போய், எந்தக் கிளையில் புதுத் தளிர் என்று தேடி வைத்துக் கொள்வார். ஆசிரியர் வந்ததும் இங்கே ஒன்று, அதோ ஒன்று என்று காட்டுவார். அப்படியே பேச்சுக் கொடுத்து, தன் ஆசையையும் மெல்லச் சொல்லி விட்டார். பிறகு பிள்ளையே பாடம் சொல்ல ஆரம்பித்தார். கேட்கக் கேட்கச் சலிக்காத மாணவர், சொல்லச் சொல்ல அலுக்காத ஆசிரியர்!

1876ம் ஆண்டு பிப்ரவரியில் பிள்ளை காலமானார். கடைசி வரை அவர் பக்கத்திலேயே இருந்தார் சாமிநாதையர்.

1880ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அதே வருடம் சேலம் ராமசாமி முதலியார் என்ற நீதிபதி, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று அவரைக் கேட்டார். இத்தனை படித்தவருக்கு அந்தப் பழைய நூல் தெரிந்திருக்கவில்லை! வெட்கப்பட்டு ஒதுங்காமல், ஏட்டுச்சுவடிகளைத் தேடினார். கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் சந்தேகம் கேட்டார். ஏழு வருடம் இதே வேலை. பகலில் கல்லூரி, மற்ற நேரமெல்லாம் சுவடி. 1887ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வந்தன.

அப்படியானால் சங்கீதம் என்ன ஆயிற்று? அது எங்கும் போய்விடவில்லை. செய்யுளை அவர் ராகத்தோடு படித்தால் கேட்டுக் கொண்டே இருக்கலாமாம். வயதான பிறகு, இசை மேதைகளின் வாழ்க்கையைத் தனித்தனிப் புத்தகங்களாக எழுதினார். ஒன்று, தந்தையின் குரு கனம் கிருஷ்ணையரைப் பற்றியது. இன்னொன்று, மாயூரத்தில் பாதியில் பாடத்தை விட்டு வந்தாரே, அந்தக் கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றியது.