மனநோய்களை வகை பிரித்த டாக்டர் கிரேப்பெலின்

மனம் கலங்கியவர் யாராக இருந்தாலும் ‘பைத்தியம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். ஆனால் காய்ச்சலில் டைபாய்டு, மலேரியா என்று பல வகை இருப்பதுபோல மனநோயிலும் வகைகள் உண்டு. அவற்றை முறையாகப் பிரித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர், ஜெர்மன் டாக்டர் எமில் கிரேப்பெலின்.

வட ஜெர்மனியில் உள்ள நாய்ஸ்ட்ரெலிட்ஸ் என்ற ஊரில் 1856-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி அவர் பிறந்தார். மருத்துவம் படித்தார். உளவியலுக்குச் சோதனைச்சாலை அமைத்த வில்ஹெல்ம் வுண்ட்டிடம் லைப்சிக் நகரில் பயின்றார். 1883-இல் மனநோய் பற்றிய சிறு பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அது பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது.

மொழி தெரியாத டாக்டர்

1886-இல், 30-ஆம் வயதில், டார்பாட் நகரில் பேராசிரியரானார். அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த அவ்வூர் இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு எனப்படுகிறது. அங்கே நோயாளிகள் பலர் பேசிய எஸ்டோனிய மொழி டாக்டருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பவர் துணையுடன்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. பிழைக்க வந்த ஊரில், ஆஸ்பத்திரியில் தம் நோயைச் சொல்லத் திண்டாடியவர்களுக்கு அந்த நோயாளிகளின் நிலை நன்றாகப் புரியும்.

1891-இல் ஹைடல்பர்க் சென்றார். அங்கு நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதினார். நோய் எப்போது தொடங்கியது, எப்படி மாறியது, எதில் முடிந்தது என்று குறித்துவந்தார். ஒருநாள் அறிகுறியைக் கொண்டு நோயை முடிவு செய்யக் கூடாது, அதன் முழுப் போக்கையும் பார்க்க வேண்டும் என்பதே அவர் கண்ட வழி.

இரண்டு பெரும் நோய்கள்

1899-இல் வந்த ஆறாம் பதிப்பில் இரண்டு நோய்களைத் தனித்தனியாகப் பிரித்தார்.

ஒன்று, பெரும்பாலும் இளமையில் தொடங்கிச் சிந்தனையைக் குலைப்பது. யாரும் பேசாதபோது குரல் கேட்கும், இது ‘பிரமை’. யாரோ சதி செய்கிறார்கள் என்று ஆதாரமின்றி உறுதியாக நம்புவார்கள், இது ‘மருட்சி’. இந்நோய்க்கு 1908-இல் சுவிஸ் டாக்டர் ஆய்கன் பிளாய்லர் இட்ட பெயரே ஸ்கிசோபிரினியா. தமிழில் மனச்சிதைவு நோய் என்கிறோம். ஓர் ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதாகச் சிலர் நினைப்பது தவறு.

மற்றொன்று, மனநிலை ஏறி இறங்குவது. பித்துநிலையில் தூக்கம் குறையும், பேச்சும் செலவும் கட்டுமீறும். மனச்சோர்வில் எதிலும் ஊக்கம் இராது, வாழ்வே பாரமாகும். இடையில் தெளிந்திருப்பார்கள். இன்று இதற்கு இருதுருவ மனநோய் என்று பெயர்.

1903-இல் மியூனிக் சென்றார். அங்கே தம்முடன் பணியாற்றிய அலாய்ஸ் அல்சைமரின் பெயரை, அவர் கண்ட மறதி நோய்க்கு 1910-இல் சூட்டினார். 1904-இல் ஜாவா தீவுக்குச் சென்று, மனநோய்கள் அங்கும் உள்ளனவா என்று பார்த்தார். மதுவைத் தாமும் விலக்கினார். பிறரையும் விலக்கச் சொன்னார்.

அவரிடமும் பிழைகள் இருந்தன. மனச்சிதைவு பெரும்பாலும் தேறாது என்று கருதினார். மனநோய் பரம்பரையாகச் சமூகத்தைச் சீரழிக்கிறது என்றும் நம்பினார். அந்தக் கருத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அவர் 1926-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி காலமானார்.

பின்னர் மருந்துகள் வந்தன. 1949-இல் பித்துநிலைக்கு லித்தியமும், 1952-இல் மனச்சிதைவுக்குக் குளோர்புரோமசினும் பயன்படத் தொடங்கின. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று தேர்வதற்கு, அவர் பிரித்த வகைகள் உதவின.

உடன் தங்கியிருப்பவர் பல நாள் தூங்காமல் தனியே பேசிக்கொண்டிருந்தால், பேய் என்றும் சூனியம் என்றும் காலம் கடத்த வேண்டாம். மனநல டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். உள்ளூர் மொழி அறிந்த ஒருவர் கூடப் போவது நல்லது. எப்போது தொடங்கியது, என்னென்ன மாறியது என்று விவரமாகச் சொல்லுங்கள். கிரேப்பெலின் தம் அட்டைகளில் எழுதி வைத்ததும் அதைத்தான்.