வானொலியின் முன்னோடி சேர் ஜெகதீஸ் சந்திர போஸ்



க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சையின் தமிழ்மொழி வினாத்தாளில் பெரியார் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு உங்களிடம் கேட்கப்படலாம். விஞ்ஞான பாடத்திலோ மின்காந்த அலைகள், குறைகடத்திகள், இருவாயி ஆகியன இடம்பெறுகின்றன. இவ்விரண்டு பாடங்களுக்கும் ஒருங்கே உதவக்கூடிய வாழ்க்கை வரலாறு ஒன்றை இங்கே தருகிறோம். ஆண்டுகளை மனனம் செய்வதற்கு முன்னர் ஒருமுறை முழுவதையும் ஆறுதலாக வாசியுங்கள். லிந்துலையிலும் அதைச் சூழவுள்ள தோட்டங்களிலும் தமிழில் படிக்கும் உங்களுக்கு இவருடைய இளமைக்காலம் அந்நியமாகத் தோன்றாது.

1. தாய்மொழிப் பாடசாலை

ஜெகதீஸ் சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் திகதி, அன்றைய வங்காளத்தின் மைமன்சிங் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் பங்களாதேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் பிரித்தானிய அரசாங்கத்தில் உயர்பதவி வகித்தவர். அந்நாளில் அத்தகைய பதவியில் இருந்தவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனை வங்காள மொழிப் பாடசாலையில் சேர்த்தார். பிறமொழியைக் கற்பதற்கு முன் பிள்ளை தன் மொழியையும் தன் மக்களையும் அறிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

வகுப்பறையில் ஜெகதீசின் ஒருபுறம் தந்தையாரின் பணியாளருடைய மகனும் மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அச்சிறுவர்கள் சொன்ன கதைகளை அவர் ஆர்வத்தோடு கேட்டார். இயற்கையை ஆராயும் விருப்பம் அங்கேதான் தம்மிடம் முளைத்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

2. உயர்கல்வி

பின்னர் கல்கத்தாவிலுள்ள புனித சவேரியார் பாடசாலையிலும் கல்லூரியிலும் கற்றார். அங்கு கற்பித்த அருட்தந்தை லாஃபோன்ற் பரிசோதனைகளைச் செய்துகாட்டிப் பௌதிகவியலைப் புரியவைத்த ஆசிரியர். பரிசோதனைகளில் போசுக்கு ஏற்பட்ட ஆர்வத்துக்கு அவரே வித்திட்டார்.

1880இல் மருத்துவம் கற்பதற்காகப் போஸ் இங்கிலாந்து சென்றார். ஆனால் அடிக்கடி காய்ச்சல் வந்து உடல்நலம் குன்றியதால் மருத்துவப் படிப்பைக் கைவிட நேர்ந்தது. அவர் மனம் தளர்ந்து நாடு திரும்பிவிடவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்று 1884இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ரேலி பிரபு அங்கு அவருடைய ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தார்.

3. சம்பளம் வாங்காத மூன்று ஆண்டுகள்

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் போஸ் பௌதிகவியல் பேராசிரியராகப் பணியேற்றார். அக்காலத்தில் ஒரே வேலையைச் செய்தாலும் இந்தியருக்கு ஐரோப்பியரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே வழங்கப்பட்டது. போசின் நியமனம் தற்காலிகமானது என்ற காரணத்தால் அதிலும் பாதி குறைக்கப்பட்டது. அதாவது, அவருக்குக் கிடைக்கவிருந்தது ஐரோப்பியப் பேராசிரியர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்காகும்.

போஸ் இதை ஏற்கவில்லை. அவர் வேலையை விட்டு விலகவுமில்லை. ஒவ்வொரு நாளும் ஒழுங்காகக் கற்பித்தார்; மாதமுடிவில் சம்பளத்தைத் தொட மறுத்தார். இப்படியே மூன்று ஆண்டுகள் கழிந்தன. வீட்டிலோ வறுமை. பொதுநன்மைக்கான தொழில் முயற்சிகளில் ஈடுபட்டுத் தந்தையார் பெருங்கடனில் இருந்தார். 1887இல் போஸ் அபலா என்னும் அம்மையாரை மணந்தார். சென்னையில் மருத்துவம் பயின்றவரான அபலா அக்கஷ்டத்தில் கணவருக்குத் துணைநின்றார். பிற்காலத்தில் பெண் கல்விக்காகவும் பெரிதும் உழைத்தார்.

இறுதியில் கல்லூரி நிருவாகம் இறங்கிவந்தது. போசின் நியமனம் நிரந்தரமாக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குமான முழுச் சம்பளமும் ஒரே தடவையில் வழங்கப்பட்டது. அப்பணத்தைக்கொண்டு அவர் தந்தையாரின் கடனை அடைத்தார். சம வேலைக்குச் சம சம்பளம் என்பது உங்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் நன்கு அறிந்த கோரிக்கைதான். அதற்காகத் தனிமனிதர் ஒருவர் எவ்வளவு பொறுமையோடு போராடினார் என்பதைக் கவனியுங்கள்.

4. சின்னஞ்சிறு ஆய்வுகூடம்

மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஜேர்மனிய விஞ்ஞானி ஹேர்ட்ஸ் 1887, 1888ஆம் ஆண்டுகளில் பரிசோதனை மூலம் நிறுவியிருந்தார். 1894இல் போஸ் அத்துறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கல்லூரியில் அவருக்கென ஆய்வுகூடம் இருக்கவில்லை. சுமார் 24 சதுர அடி பரப்புள்ள சிறிய அறையொன்றே கிடைத்தது. தகர வேலை தெரிந்த ஒருவரை அமர்த்தி, தாமே பயிற்சி கொடுத்து, கருவிகளைச் செய்வித்தார். செலவுக்குத் தம் சம்பளத்திலிருந்தே பணம் எடுத்தார்.

ஹேர்ட்சின் அலைகள் நீளமானவை. அவற்றைக்கொண்டு பரிசோதனை செய்யப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. போஸ் வேறு வழியில் சிந்தித்தார். அலைநீளத்தைக் குறைத்தால் கருவிகளையும் சிறிதாக்கலாம் அல்லவா? அவர் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் அலைநீளம் வரையான அலைகளை உருவாக்கினார். இது சுமார் 60 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுக்குச் சமம். மேசை ஒன்றின்மீது வைக்கக்கூடிய கருவிகளைக்கொண்டே, இவ்வலைகளும் ஒளியைப்போலத் தெறிப்படைகின்றன, முறிவடைகின்றன, முனைவாக்கம் அடைகின்றன என்பதைக் காட்டினார்.

அவர் பயன்படுத்திய பொருள்களைப் பாருங்கள். அலைகளை முனைவாக்குவதற்குப் புகையிரத நேர அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அதன் பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகினார். முற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட பளபளப்பான தாளைப் போன்றது அது. புத்தகத்தை ஒரு திசையில் பிடித்தால் அலை கடந்து சென்றது. செங்குத்தாகத் திருப்பியதும் தடைப்பட்டது. இன்னொரு பரிசோதனைக்கு வங்காளத்தில் எங்கும் கிடைக்கும் சணல் நாரை முறுக்கிப் பயன்படுத்தினார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று அவர் காத்திருக்கவில்லை.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் போஸ் பொதுமக்கள்முன் தம் பரிசோதனையைச் செய்துகாட்டினார். கம்பி எதுவும் இல்லாமல், சுவருக்கு அப்பால் சென்ற அலைகள் ஒரு மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1897 ஜனவரியில் இலண்டன் றோயல் நிறுவனத்தில் அவர் உரையாற்றினார்.

5. போசும் மார்க்கோனியும்

வானொலியைக் கண்டுபிடித்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை எழுதும்போது பலர் தடுமாறுகின்றனர். மார்க்கோனி மட்டுமே என்று எழுதுவதும் சரியன்று. போஸ் மட்டுமே என்று எழுதுவதும் சரியன்று. ஹேர்ட்ஸ், லொட்ஜ், பொப்போவ், போஸ், மார்க்கோனி முதலிய பலருடைய உழைப்பு அதில் சேர்ந்துள்ளது.

அலைகளின் இயல்பை அறிவதே போசின் நோக்கம். செய்திகளைத் தொலைதூரம் அனுப்பி அதை ஒரு தொழிலாக வளர்ப்பதே மார்க்கோனியின் நோக்கம். போசின் மிகக் குறுகிய அலைகள் நேர்கோட்டில் செல்வன. மலைக்கு மறுபுறம் போனதும் கையடக்கத் தொலைபேசியில் சமிக்ஞை குறைந்துவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். குறுகிய அலைகளால் மலையைச் சுற்றி எளிதில் வளைந்து செல்ல முடியாது. மார்க்கோனி பயன்படுத்திய நீண்ட அலைகளோ வெகுதூரம் சென்றன.

ஆயினும் இருவருக்குமிடையே ஒரு தொடர்பு உண்டு. 1899இல் போஸ் இரும்பையும் இரசத்தையும் கொண்ட அலை உணரி ஒன்றை, தொலைபேசியின் கேட்கும் பகுதியுடன் இணைத்துப் பயன்படுத்தும் முறையை றோயல் கழகத்துக்கு அறிவித்தார். 1901 டிசெம்பரில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்துவந்த சமிக்ஞையைக் கேட்க மார்க்கோனி பயன்படுத்தியதும் இரசத்தைக் கொண்ட உணரிதான். அது போசின் கருவியின் வழிவந்ததே என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். மார்க்கோனிக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. போசுக்கு அப்பரிசு கிடைக்கவில்லை.

அறிவை விற்றுப் பணம் சேர்ப்பதைப் போஸ் விரும்பவில்லை. அவருடைய கருவிகளுக்கு உரிமம் பெற்றால் பெருஞ்செல்வம் கிடைக்கும் என்று கம்பனியார் ஆசைகாட்டியபோது மறுத்தார். நண்பர்களின் வற்புறுத்தலால் 1901இல் ஒரு கருவிக்கு மட்டும் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904 மார்ச் 29ஆம் திகதி அந்த உரிமம் வழங்கப்பட்டது. ஆனால் அதைக்கொண்டு அவர் பணம் தேடவில்லை.

6. கலீனாப் பளிங்கும் வானொலி ஆர்வலர்களும்

அந்த உரிமத்துக்குரிய கருவியில் கலீனா என்னும் ஈயத்தின் கனியம் பயன்படுத்தப்பட்டது. குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் உரிமம் இதுவெனக் கருதப்படுகிறது. நீங்கள் விஞ்ஞான பாடத்தில் கற்கும் இருவாயியின் முன்னோர்களுள் இதுவும் ஒன்று.

பின்னர் வேறு பலரும் இத்தகைய பளிங்கு உணரிகளைச் செய்தனர். 1920களில் உலகெங்கும் வானொலி ஆர்வலர்கள் கலீனாத் துண்டைக்கொண்டு வீட்டிலேயே வானொலிப் பெட்டி செய்தார்கள். அதற்கு வேண்டியவை ஐந்துதான்: உயரத்தில் கட்டிய நீண்ட கம்பி, நிலத்துக்கான இணைப்பு, கம்பிச்சுருள், மெல்லிய கம்பிமுனை தொட்டுநிற்கும் கலீனாத் துண்டு, காதில் வைத்துக் கேட்கும் கருவி. கம்பிச்சுருள் விரும்பிய மீடிறனைத் தெரிந்தெடுக்கும். பளிங்கு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும், இதுவே சீராக்கம். இதற்கு மின்கலம்கூடத் தேவையில்லை. அலையின் சக்தியே போதும். இதனால் பணம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் வானொலி கேட்க முடிந்தது. இவ்வாறு தொடங்கிய பலர் பின்னர் பொறியியலாளர்களாகவும் அனுமதிபெற்ற வானொலி ஆர்வலர்களாகவும் ஆயினர்.

நம் நாட்டின் வானொலி வரலாற்றிலும் ஆர்வலர்களுக்கு இடமுண்டு. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக 1921இல் இலங்கைக்கு வந்த எட்வேர்ட் ஹார்ப்பர், வானொலி ஆர்வலர்களைத் திரட்டிச் சங்கம் ஒன்றை அமைத்தார். கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களிலிருந்து ஒலிபரப்பி ஒன்றைச் செய்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி தாக்கித் தென்கரையில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, இலங்கை வானொலி ஆர்வலர்கள் தம் சொந்தக் கருவிகளால் செய்திகளைக் கொண்டுசேர்த்தனர். பொழுதுபோக்காகக் கற்ற கலை ஆபத்து வேளையில் உயிர்காக்க உதவியது.

7. இறுதிக் காலம்

1900ஆம் ஆண்டின் பின்னர் போசின் கவனம் தாவரங்களின்பால் திரும்பியது. தாவர வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை அமைத்தார். தாவரங்கள் பற்றிய அவருடைய கருத்துகள் சிலவற்றை விஞ்ஞானிகள் ஏற்றனர், சிலவற்றை மறுத்தனர். எனினும் அவருடைய கருவிகளின் நுட்பத்தை அனைவரும் வியந்தனர்.

1917இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு தம் பிறந்த தினமான நவம்பர் 30ஆம் திகதி கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைத் திறந்தார். தமக்கு இல்லாதிருந்த ஆய்வுகூடம் பின்வரும் தலைமுறைக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். 1920இல் இலண்டன் றோயல் கழகத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் திகதி கிரிடீ என்னும் ஊரில் காலமானார். மார்க்கோனி இறந்ததும் அதே ஆண்டில்தான்.

போஸ் கையாண்ட மில்லிமீற்றர் அலைகள் இன்று வானியல் தொலைநோக்கிகளிலும் ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசிச் சேவைகள் சிலவற்றிலும் பயன்படுகின்றன. 2012இல் சர்வதேச மின்னியல் பொறியியலாளர் அமைப்பு, அவருடைய 1894 முதல் 1896 வரையான பரிசோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது.

8. கட்டுரை எழுதும்போது

மாணவர்களே, ஆண்டுகளை மட்டும் அடுக்கி எழுதினால் கட்டுரை சிறக்காது. தாய்மொழிக் கல்வி, சம்பளப் போராட்டம், எளிய பொருள்களால் செய்த கருவிகள், உரிமத்தால் பணம் தேடாமை ஆகிய நான்கையும் தனித்தனிப் பந்திகளாக விரித்து எழுதுங்கள். உங்கள் பாடசாலையில் ஒரு கருவி இல்லாவிட்டால், அதற்குப் பதிலாக எதைக்கொண்டு அப்பரிசோதனையைச் செய்யலாம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். போசும் அப்படித்தான் தொடங்கினார்.

பயிற்சி வினாக்கள்

1. போசின் தந்தையார் அவரை வங்காள மொழிப் பாடசாலையில் சேர்த்தது ஏன்?
2. போஸ் மூன்று ஆண்டுகள் சம்பளம் பெற மறுத்தமைக்கான காரணத்தை விளக்குக.
3. குறுகிய அலைநீளமுடைய அலைகளை அவர் தெரிவுசெய்ததால் கிடைத்த நன்மை யாது?
4. பளிங்கு வானொலிப் பெட்டியின் பகுதிகள் ஐந்தினையும் எழுதி, பளிங்கின் தொழிலைக் கூறுக.
5. வானொலி பலரது உழைப்பின் பயன் என்பதை இரு உதாரணங்களுடன் நிறுவுக.