ஹான்ஸ் பீட்டர் லூன்

ஹான்ஸ் பீட்டர் லூன் (ஜூலை 1, 1896 – ஆகஸ்ட் 19, 1964) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கண்டுபிடிப்பாளரும் கணினி அறிவியலாளரும் ஆவார். ஹாஷ் அட்டவணையின் அடிப்படைக் கருத்தை முதன்முதலில் எழுத்தில் முன்வைத்தவராக இவர் கருதப்படுகிறார். கடன் அட்டை எண்களைச் சரிபார்க்கும் லூன் படிமுறைத்தீர்வும் இவருடையதே.

வாழ்க்கை

லூன் ஜெர்மனியின் பார்மென் நகரில் பிறந்தார். இந்நகர் பின்னர் வுப்பர்ட்டால் நகரின் பகுதியாயிற்று. இவரது தந்தையார் அச்சுத் தொழில் செய்தவர். முதலாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் பணியாற்றிய லூன், போருக்குப் பின் நெசவுத் தொழில்துறையில் ஈடுபட்டு, 1920களில் அமெரிக்கா சென்றார். துணியில் உள்ள இழைகளை எண்ணுவதற்கு இவர் அமைத்த லூனோமீட்டர் என்னும் கருவி பெயர் பெற்றது. 1941 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். தம் வாழ்நாளில் எண்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமங்களைப் பெற்றார்.

ஹாஷ் முறை

1953 சனவரியில் நிறுவனத்துக்குள் எழுதிய ஒரு குறிப்பில், தரவுகளைப் பல பெட்டிகளாகப் பிரித்து வைக்கும் முறையை லூன் விளக்கினார். தேடப்படும் எண்ணின் இலக்கங்களைக் கணக்கிட்டால் அது எந்தப் பெட்டியில் உள்ளது என்பது தெரிந்துவிடும். பட்டியல் முழுவதையும் தேட வேண்டியதில்லை. இரண்டு தரவுகள் ஒரே பெட்டிக்கு வந்தால் அவற்றைச் சங்கிலியாக இணைக்கலாம். இக்குறிப்பு நிறுவனத்துக்கு வெளியே வெளியிடப்படவில்லை. இத்தகைய முறையை 1956 ஆம் ஆண்டு ஆர்னால்டு டூமி இதழ்க் கட்டுரை ஒன்றில் பொதுவெளியில் விளக்கினார்.

பெட்டிகள் எந்த அளவு நிறையலாம் என்ற வினா இம்முறையுடன் பிறந்ததாகும். தரவுகளின் எண்ணிக்கையைப் பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சுமைக் காரணி எனப்படும். அது கூடினால் சங்கிலிகள் நீண்டு தேடல் தாமதமாகும். குறைந்தால் நினைவகம் வீணாகும். ஜாவா மொழியின் ஹாஷ்மேப் வகுப்பில் இதன் இயல்பு மதிப்பு 0.75 ஆகும். தொடக்கத்தில் 16 பெட்டிகள் உள்ளதால், 13 ஆவது தரவு சேரும்போது அவை 32 ஆகப் பெருக்கப்படுகின்றன. சி++ மொழியின் செந்தர நூலகத்தில் இம்மதிப்பு 1.0 ஆகும். இரண்டு நூலகங்களும் லூன் கூறிய சங்கிலி முறையையே அடிப்படையாகக் கொண்டவை.

பிற பணிகள்

எண்களை எழுதும்போது நேரும் பிழைகளைக் கண்டறியும் கையடக்கக் கருவிக்கு 1954 ஆம் ஆண்டு காப்புரிமம் கோரினார். அது 1960 இல் வழங்கப்பட்டது. அதன் கணக்கு முறை ஒற்றை இலக்கப் பிழைகள் அனைத்தையும் கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால், 09 என்பது 90 ஆவதைத் தவிர மற்றவற்றையும் கண்டுபிடிக்கும். 1958 இல் கட்டுரைகளின் சுருக்கத்தைக் கணினியே உருவாக்கும் வழியை வெளியிட்டார். தலைப்புச் சொற்களை அவற்றின் சூழலுடன் அகரவரிசைப்படுத்தும் சுட்டி முறையையும் உருவாக்கினார்.

மறைவு

லூன் 1964 ஆகஸ்ட் 19 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆர்மாங்க் நகரில் தமது 68 ஆவது வயதில் காலமானார்.