கூரத்தாழ்வான்

அருணகிரிநாதர் பாடிய முருகன் தலம் வல்லக்கோட்டை. அதற்கு வடக்கே சில கல் தொலைவில் இராமாநுசர் பிறந்த திருப்பெரும்புதூர். மேற்கே, காஞ்சியையும் கடந்தால் கூரம். தொழிற்சாலைப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடும் இவ்வட்டாரத்திற்கு அருகில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெருஞ்செல்வர் கூரத்தாழ்வான். அவர் 1010இல் பிறந்தார் என்பது மரபு. 1017இல் தோன்றிய இராமாநுசருக்கு மூத்தவராயினும் மாணவராய் அவரடி பணிந்தார்.

கூரத்தில் அவர் மாளிகையில் விடியல் முதல் இரவு வரை அன்னதானம் நடைபெறும். இரவில் கதவடைக்கும் ஓசை காஞ்சி வரதர் கோயில் வரை கேட்டதாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். பிறர் அதைப் புகழாகக் கொண்டிருப்பர், ஆழ்வானோ நாணினார். செல்வம் யாவையும் வழங்கிவிட்டு, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டுவழியில் அஞ்சிய அம்மையாரிடம், கையில் பொருளேதும் உண்டோ என வினவினார். கணவர் உண்பதற்கென்று பொன்வட்டில் ஒன்றை மட்டும் அவர் மறைத்து எடுத்துவந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கிப் புதரில் எறிந்தார். அச்சமும் அங்கேயே நின்றுவிட்டது. அரங்கத்தில் அரிசி இரந்து உண்டனர்.

போதாயன விருத்தியைத் தேடி இராமாநுசர் காசுமீரம் சென்றபோது, சுவடி கைவிட்டுப் போகுமுன் அதனை இரவுதோறும் படித்து நெஞ்சில் நிறுத்தியவர் இவரே. ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்டபோது எழுத்தாணி பிடித்தவரும் இவரே.

பின்னர் வந்தது பெருந்துன்பம். சைவச் சார்புடைய சோழன் ஒருவன் இராமாநுசரை அழைத்துவர ஆள் விடுத்தான். அவன் யாரென்பதில் வரலாற்றறிஞர் ஒருமித்திலர். நூல்கள் கிருமிகண்டன் என்றே குறிக்கும். ஆழ்வான் ஆசிரியரின் காவியுடையைத் தாம் அணிந்து, முதியவரான பெரியநம்பியுடன் அவைக்குச் சென்றார். வெள்ளுடையில் இராமாநுசர் மேல்கோட்டை சேர்ந்தார். ஆழ்வானை அரசனுக்குக் காட்டிக்கொடுத்தவன் அவரிடமே பயின்ற நாலூரான் என்பர். அந்த அவையில் ஆழ்வான் கண்ணிழந்தார். கண் பறிக்கப்பட்ட பெரியநம்பி ஊர் திரும்பும் வழியிலேயே உயிர்நீத்தார்.

கண்ணிழந்தபின் ஒருநாள் ஆழ்வான் அரங்கன் கோயிலுக்குச் சென்றார். இராமாநுசர் தொடர்புடையாரை உள்ளே விடலாகாது என்பது ஆணை. காவலர் ஒருவன் தடுத்தான். மற்றவன், இவர் எல்லார்க்கும் நல்லவர், விடலாம் என்ற கருத்தில் வழிவிட்டான். ஆழ்வான் நுழையவில்லை. ஆசிரியரோடு உள்ள உறவை விலக்கிக் கிடைக்கும் நற்பெயரும், அதனால் கிடைக்கும் தரிசனமும் தமக்கு வேண்டாவெனத் திரும்பினார். பொன்வட்டிலை எறிவது இதனினும் எளிது. பின்பு திருமாலிருஞ்சோலை சென்று வாழ்ந்தார். சுந்தரபாகு ஸ்தவம் அங்கே பிறந்தது.

பல்லாண்டுகளுக்குப் பின் இராமாநுசர் திரும்பிவந்து, இழந்த கண்ணை வரதரிடம் வேண்டுமாறு பணித்தார். ஆழ்வான் காஞ்சியில் துதி பாடினார். வரதராஜ ஸ்தவம் என்பது அது. வரதர் வரம் தர முன்வந்தபோது அவர் கண்ணைக் கேட்கவில்லை. தாம் பெற்ற பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றே கேட்டார். கண்ணிழந்த பின்னும் தம் வாழ்வு அவருக்குப் பேறாகவே பட்டது. இராமாநுசர் வருந்தினார் என்றும், உள்ளூர மகிழ்ந்தார் என்றும் இருவகையாய்க் கூறுவர்.

இறுதியில் அரங்கனிடம் அவர் வேண்டியது வீடுபேறு. ஆசிரியருக்கு முன்னே செல்ல விரைவதேன் என இராமாநுசர் கலங்கினார். இராமாநுசர் முன்னே சென்றால், பின்வரும் மாணவனை அவர் எதிர்கொண்டு வரவேற்க நேரும். அம்முறை மாறலாகாது என்பது ஆழ்வானின் விடை. ஆசிரியர் வரும்போது வாயிலில் நின்று வரவேற்க, அவர் முன்னே புறப்பட்டார்.