வால்டர் ரெப்பே

கூந்தலைப் பாடிய புலவர் நம் மொழியிலே பலர். கூந்தல் கலையாதிருக்கப் பொருளொன்றை ஆக்கித் தந்தாரைப் பற்றி எழுதினார் அரியர். ஜெர்மனி தேசத்து வால்டர் ரெப்பே என்பாரே அவர். இரசாயனம் கற்போர் அவர் பெயரை நன்கறிவர். அப்பொருளைத் தலையில் தெளித்துக்கொள்வோரோ அறியார்.

இவர் 1892-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் துரிங்கியா நாட்டுக் கோரிங்கன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1911-இல் ஜேனா சர்வகலாசாலையிற் சேர்ந்தார். முதல் உலக யுத்தம் இடையே குறுக்கிட, 1920-இல் மூனிச் நகரில் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டு ரைன் நதிக்கரையிலுள்ள பி. ஏ. எஸ். எப். என்னும் இரசாயனத் தொழிற்சாலையில் அமர்ந்தார்.

அசிட்டிலீன் வாயு அழுத்தத்திற்கு உட்படின் தானே வெடித்துச் சிதறும் இயல்பினது. ஒன்றரை வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் அதனை நெருக்கலாகாதென்பது அந்நாட்டு விதி. பிறர் அஞ்சி விலகிய அவ்விடத்திலேயே ரெப்பே 1928-ஆம் ஆண்டளவிற் புகுந்தார். அவரிடம் துணிவோடு சூழ்ச்சித் திறனும் இருந்தது. வாயுவோடு நைட்ரஜனைக் கலந்தார். பெருங்குழாயினுள் சிறுகுழாய்களை நெருங்க அடுக்கி, வெடிப்புப் பரவ இடமின்றிச் செய்தார். சோதனைக்கென எஃகுக் கலங்கள் செய்வித்தார். அக்கலங்களுக்கு ரெப்பே கண்ணாடி என்று பெயர் வழங்கியது வேடிக்கையே. கண்ணாடி அவற்றில் இல்லை.

அசிட்டிலீனையும் பார்மால்டிஹைடையும் கூட்டிப் பெற்ற பொருளைப் படிப்படியாக மாற்றி, வினைல் பைரோலிடோன் என்னும் நீர்மத்தை அடைந்தார். அதன் மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோவைப்பட்டுப் பாலிவினைல் பைரோலிடோன் ஆயின. 1939-இல் அதற்குப் பேட்டண்ட் உரிமை கோரப்பட்டது.

அப்பொருள் முதலிற் சென்றது கூந்தலுக்கன்று, குருதிக்கு. இரண்டாம் உலக யுத்தத்திலே குருதியிழந்த ஜெர்மானியப் போர்வீரரின் நாளங்களில், குருதிநீருக்கு ஈடாகப் பெரிஸ்டன் என்னும் பெயரால் அது செலுத்தப்பட்டது. நெடிய சங்கிலிகள் உடம்பைவிட்டு நீங்காது தங்கிவிடுதலைக் கண்டு, பிற்காலத்தில் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். அந்நாளில் அவர் தொழிற்சாலை ஐ. ஜி. பார்பன் என்னும் பெருநிறுவனத்தின் உறுப்பாயிருந்தது. ஆஷ்விட்சில் சிறையாளரை அடிமைகளாக வேலைவாங்கி மாய்த்த நிறுவனம் அது. அதன் தலைவர்கள் 1947-48-இல் நூரம்பர்க்கில் விசாரிக்கப்பட்டபோது குற்றஞ்சாட்டப்பட்டோருள் ரெப்பே இலர். எனினும், அவர் வரலாற்றை எழுதுவோன் இதனை மறைத்தல் நேர்மையன்று.

தெளிப்புத் தைலங்களில் முன்னர் அரக்கு சேர்க்கப்பட்டது. அது நீரிற் கரையாதாகலின் கழுவிப் போக்குதல் பெரும்பாடு. 1950-க்குப் பின் ரெப்பேயின் பொருள் அவ்விடத்திற்கு வந்தது. சாராயத்திற் கரைத்துத் தெளித்தால், சாராயம் ஆவியாகி மறைய, எஞ்சிய பொருள் மெல்லிய படலமாய் மயிரிழைகள் ஒன்றையொன்று தொடுமிடங்களிற் படிந்து அவற்றைப் பிணிக்கின்றது. தலை முழுகினால் கரைந்து நீங்குகின்றது. நீரோடு அதற்குள்ள இந்நட்பே குறையுமாயிற்று. ஈரக்காற்றிலும் நீரை ஏற்றுப் படலம் நெகிழ்ந்து பிசுபிசுக்கும், பிணிப்புத் தளரும். ஆதலின், நீரை அத்துணை விரும்பாத வினைல் அசிட்டேட்டையும் அதே சங்கிலியிற் சேர்த்துக் கோத்தனர்.

ரெப்பே யுத்தத்திற்குப் பின் தம் தொழிற்சாலையின் ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை பூண்டு ஓய்வு பெற்றார். தமது எழுபத்தேழாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பாக, 1969-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் ஹைடல்பர்க் நகரில் காலமானார்.